கரண்ட் வந்த பிறகும் ஓடாத ரிட்டர்ன் பம்ப்: நான்காவது புகார்

அனுப்புநர்: மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம் (பெயர், முகவரி இணைத்துள்ள பில் நகலில் உள்ளன)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 24 வோல்ட் ரிட்டர்ன் பம்பின் கண்ட்ரோலர் பழுது, வாரண்டி மறுப்பு, மீன் இழப்பு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முதல் மூன்று புகாரையும் மெயிலில் அனுப்பினேன். மூன்றுக்கும் ‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்’ என்று ஒரே பதில்தான் வந்தது. ஒருவரும் தொடர்புகொள்ளவில்லை. நானாகப் போன் செய்தது பதினோரு தடவை. அலுத்துப்போய்த்தான் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

ஜனவரி 11 அன்று 14,800 ரூபாய் கொடுத்து உங்கள் பம்பை வாங்கினேன். இரண்டு வருட வாரண்டி. நான் கோமாளி மீன் வளர்க்கிறேன். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கற்றுக்கொண்ட தொழில். நான்கு அடித் தொட்டியில் தாய் ஜோடி, பக்கத்து ஸ்டாண்டில் 40 லிட்டர் தொட்டி ஆறு, அவற்றில் குஞ்சுகள். எல்லாத் தண்ணீரும் கீழே இருக்கும் ஒரே சேகரிப்புத் தொட்டிக்கு, அதாவது சம்புக்கு, இறங்கி, உங்கள் பம்ப் வழியாக மேலே ஏறுகிறது. பம்ப் நின்றால் ஏழு தொட்டியும் நின்ற தண்ணீர்தான். அந்தப் பம்ப் என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பொருள்.

மார்ச்சில் ஓட்டம் குறைந்தது. சம்புக்கு இறங்கும் குழாயை 20 லிட்டர் வாளியில் விட்டுப் பார்த்தேன். வாங்கிய புதிதில் 20 விநாடியில் நிறைந்த வாளி 34 விநாடி எடுத்தது. பம்பைப் பிரித்தேன். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் 21 விநாடிக்கு வந்துவிட்டது. ஆக மோட்டாரில் குறையில்லை. குறை, திரையும் பட்டனும் வைத்துப் பம்பை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டியில். கரண்ட் இரண்டு நிமிடம் போய் வந்தால் பம்ப் தானாக ஓடும். அரை மணி நேரத்துக்கு மேல் போய் வந்தால் ஓடாது. திரையில் இரண்டு கோடு மட்டும் மின்னிக்கொண்டு நிற்கும், யாராவது போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். இதை முதல் போனிலேயே சொன்னேன்.

அந்த முதல் போனில் பேசியவரைப் பற்றி எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. நான் கண்ட்ரோலர் என்று ஆரம்பித்ததுமே, “வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்கம்மா” என்றார். தொட்டி வைத்திருப்பது நான், பம்ப் வாங்கியது நான், பில்லில் இருப்பது என் பெயர் என்றேன். “தண்ணி கீழ வழிஞ்சுதா?” என்று கேட்டார். வழியவில்லை. பம்ப் நின்றால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கிக்கொண்டே இருக்காமல், குழாய் வாயில் சைபன் உடையும்படி நானே துளை போட்டிருக்கிறேன், இறங்கும் தண்ணீரைத் தாங்குமளவு சம்பில் இடமும் விட்டிருக்கிறேன். “அப்ப பம்ப் நல்லாத்தான் இருக்கு” என்றார். கடைசியில், “கடல் பக்கத்துலதான இருக்கீங்க, எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டுவிட்டு, கண்ட்ரோலரை மட்டும் மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

போனேன். விடியுமுன் மண்டபத்தில் பஸ் ஏறி, இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. கடை திறக்கும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குத் திறந்தார்கள். “அடாப்டர் இல்லாம இதை எப்படிம்மா செக் பண்றது?” என்று கேட்டார் அங்கிருந்த பையன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான். போக வர 300 கிலோமீட்டர், ஒரு நாள் வேலை, அன்று குஞ்சுகளுக்கு இரண்டு வேளைத் தீனி இல்லை. எல்லாம் “கண்ட்ரோலர் மட்டும் போதும்” என்று அந்த மனிதர் சொன்னதால்.

அடுத்து கூரியரில் எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பினேன். உள்ளே கையால் எழுதிய சீட்டு ஒன்றும் வைத்தேன்: ‘பிளக்கை 40 நிமிடம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.’ பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ‘10 நிமிடம் இயக்கிப் பார்த்தோம், பழுது இல்லை’ என்று ரிப்போர்ட். என் சீட்டு மடித்தது மடித்தபடியே பெட்டியில் கிடந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

மே 17 இரவு 11.40க்குக் கரண்ட் போனது. தண்ணீருக்குள் காற்று விடும் பேட்டரி ஏரேட்டர் தானாக ஓட ஆரம்பித்தது, நான் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். 12.35க்குக் கரண்ட் வந்திருக்கிறது. கரண்ட் வந்தால் ஏரேட்டர் தானாக நின்றுவிடும், அதன் அமைப்பு அப்படி. உங்கள் பம்ப் ஓடவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து போனபோது சத்தமே இல்லை. தண்ணீர் விழும் சத்தம் இல்லாத அந்த அறைக்குள் காலை வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரையில் அதே இரண்டு கோடு. தண்ணீர் 31 டிகிரி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு தங்காது. உயிரோடு இருந்த குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மற்றவை அடியில் வெளிறிக் கிடந்தன. 300 குஞ்சில் 214 போய்விட்டன. இரண்டு மாதம் வளர்த்தவை, அடுத்த வாரம் கொளத்தூர் வியாபாரிக்கு அனுப்ப வேண்டியவை. தாய் ஜோடி பிழைத்தது. ஆனால் தொட்டிக்குள் இருந்த ஓட்டுத் துண்டில் ஒட்டியிருந்த முட்டைகள், ஆறாம் நாள், உள்ளே வெள்ளிப் புள்ளியாகக் கண் தெரிய ஆரம்பித்தவை, ஒன்றுகூட இல்லை. மிரண்டுபோன மீன் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். இரண்டே நாளில் பொரிந்திருக்கும்.

அதன் பிறகும் வாரண்டி கிடையாதாம். ‘உப்பு நீரால் ஏற்பட்ட சேதம்’ என்று காரணம். பெட்டியின் மேல் கடல் மீன் படம் போட்டு, கையேட்டில் ‘கடல் நீர்த் தொட்டிக்கு ஏற்றது’ என்று அச்சடித்து விற்றது நீங்கள். உப்பு நீரில் போடாமல் வேறு எதில் போடுவது?

இன்னொன்று இதைவிட மோசம். இரண்டாவது ரிப்போர்ட்டில் ‘பவளத் துகள் சிக்கியுள்ளது’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். என்னிடம் பவளமே கிடையாது. தொட்டியில் இருப்பது சிமெண்டில் நானே வார்த்த கல். எங்கள் வாசலில் இருப்பது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 21 தீவு, 1986 முதல் பாதுகாப்பில் இருக்கிறது. கல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் காகிதம் வனத்துறை கைக்குப் போனால் நான் என்ன பதில் சொல்வேன்? சென்னையில் உட்கார்ந்து கைபோன போக்கில் ஒரு வரி எழுதிவிட்டார்கள். அந்த வரி தவறு என்று உங்கள் முத்திரையோடு எழுதித் தர வேண்டும். பணத்துக்கு முன்னால் எனக்கு அது வேண்டும்.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் பம்ப் ஓடும்போது நன்றாகவே ஓடுகிறது, சத்தம் குறைவு, கரண்ட் செலவும் குறைவு என்று இன்னும் இரண்டு பேருக்கு வாங்கச் சொன்னவளே நான்தான். இப்போது அவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. தயவுசெய்து இதைத் தீர்த்து வையுங்கள். நீண்ட நேரம் கரண்ட் போய் வந்தாலும் தானாக ஓடும் கண்ட்ரோலர் கொடுங்கள், இல்லையென்றால் 14,800 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். மதுரைச் செலவும் கூரியர் செலவும் 1,940 ரூபாய், ரசீது இணைத்திருக்கிறேன். மீன் நஷ்டம், போன முட்டை, கைவிட்டுப் போன வியாபாரி, இனிமேல் வந்திருக்க வேண்டிய வருமானம் எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது. என் தொழிலே அன்று ராத்திரியோடு முடிந்துபோனது என்றுதான் சொல்வேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிவேன், இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு வர வேண்டியதில்லை. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கரண்ட்டை 40 நிமிடம் நிறுத்திப் போட்டு எடுத்த வீடியோ இருக்கிறது. மடித்தபடி திரும்பி வந்த அந்தச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் அங்கே வைப்பேன். வைக்க வேண்டிய நிலைமையை உண்டாக்காதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த முதல் போனில் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மார்ச் 22, காலை 11.15 மணி அழைப்பு. உங்களிடம் பதிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள். வீட்டு ஆம்பளையிடம் இல்லை, என்னிடமே.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம்

இணைப்பு: பில் நகல், இரண்டு சர்வீஸ் ரிப்போர்ட், பஸ் டிக்கெட், கூரியர் ரசீது, மே 18 காலை எடுத்த படங்கள்