பதினோராவது பொட்டலம்

தமிழ்நாடு அரசின் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

நான் மண்டபத்தில் அவுட்போர்டு என்ஜின், அதாவது படகின் பின்னால் மாட்டுகிற என்ஜின், பழுது பார்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். இந்தக் கரையில் ஓடுகிற பைபர் படகுகளில் பாதி என் கைபட்டவை என்று சொன்னால் கொஞ்சம் பீற்றல்தான், ஆனால் முழுப் பொய்யில்லை. அப்புறம் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. இலங்கைக்குக் கடத்தல் என்று பிடிபட்ட படகைக் கரைக்குக் கொண்டுவந்தால், என்ஜின் எத்தனை குதிரைத்திறன், என்ன விலை பெறும் என்று மகஜரில், அதாவது பறிமுதல் செய்ததற்கு எழுதுகிற பத்திரத்தில், எழுதுவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது, ஒரு டீ வாங்கித் தருவார்கள். அந்த டீயைக் குடித்துக்கொண்டு நின்றபோது பார்த்ததையும், பிறகு வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. "அண்ணே, டாஸ்மாக் மாதிரி கஞ்சாவுக்கும் லைசென்ஸ் குடுத்து கடை வைக்கப்போறாங்களாமே, அப்புறம் இந்தக் கடத்தலெல்லாம் நின்னுபோயிரும்ல?" என்று பட்டறைக்கு வருகிற பையன்கள் கேட்கிறார்கள். உத்தராகண்டில் 2018-லேயே உரிமம் கொடுத்தாச்சு என்று ஒருவன், ராஜஸ்தானில் அரசாங்கக் கடையிலேயே விற்கிறான் என்று இன்னொருவன். இரண்டிலும் பாதி உண்மை. உத்தராகண்ட் கொடுத்தது நாருக்கும் விதைக்கும் பயிரிடுகிற உரிமம், அதுவும் போதைச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடிக்கு. ராஜஸ்தானின் ஜெய்சல்மரில் உரிமம் பெற்ற கடையில் விற்பது பாங்கு, அதாவது அந்தச் செடியின் இலை. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும்தான் பிடிக்கிறது. பூவோடு சேராத இலையும் விதையும் அதன் கணக்கில் வராது. ஒரே செடியில் பூவைத் தொட்டால் ஜெயில், இலையைத் தொட்டால் சில மாநிலங்களில் ஏலக் கடை. நம் மாநிலத்தில் இலைக்கும் இடமில்லை, அது வேறு விஷயம்.

பையன்களின் கேள்விக்குத் திரும்புகிறேன். உரிமம் கொடுத்தால் எங்கள் கரையில் கடத்தல் நிற்குமா? நிற்காது. இதைச் சொல்வதற்கு எனக்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. மஞ்சள் போதும்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விலை பல மடங்கு ஏறியது. மஞ்சளுக்கு இங்கே என்ன தடை? ஒன்றுமில்லை. எந்த மளிகைக் கடையிலும் போய் மூட்டையாகவே வாங்கலாம், பில் போட்டுத் தருவார்கள். அந்த மஞ்சள்தான் ராத்திரியோடு ராத்திரியாக வேதாளை, மரைக்காயர்பட்டினம், தேவிபட்டினம் என்று கரை கரையாக மூட்டையில் படகேறியது. நானே ஒரு படகின் மகஜருக்குப் போயிருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் படகின் தரைப் பலகையெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. மூட்டை ஒன்று கிழிந்து, பொடி தண்ணீரோடு கலந்து ஓரத்தில் குழம்பாக நின்றது. கூட வந்த ஏட்டு, "என்னப்பா இது, சடங்கு வீட்டுப் படகு மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் படகுக்காரர் சிரிக்கவில்லை.

பீடி இலையும் அப்படித்தான். இங்கே சட்டப்படியான சரக்கு, அக்கரையில் வரி அதிகம், அதனால் போகிறது. கடல் தரையில் ஊர்கிற கடல் அட்டையில் கதை தலைகீழ். 2001-லிருந்து இங்கே அதைத் தொட்டாலே வனவிலங்குச் சட்டம் பாய்கிறது. அக்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். அதனால் இங்கே பிடித்த அட்டை முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் நல்ல சரக்காக மாறிவிடுகிறது. ஒரு கரையில் மட்டும் கொடுக்கிற உரிமம், மறு கரையில் களவு போன பொருளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற மாதிரிதான். அட்டையில் நாங்கள் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கஞ்சா எங்கள் மண்ணில் விளைவதில்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, ரயிலிலும் லாரியிலும் மதுரை வந்து, அங்கிருந்து இங்கே வருகிறது. அக்கரையில் அதற்குப் பெயர் "கேரளக் கஞ்சா". கேரளாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பேர் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். சரி, நாளைக்கே நம் அரசு உரிமக் கடை திறந்தது என்று வையுங்கள். மலையிலிருந்து இங்கே கொண்டுவருகிற செலவும் பயமும் மிச்சம். இராமநாதபுரத்திலேயே வாங்கி, தனுஷ்கோடியில் ஏற்றிவிடலாம். இங்கே விலை குறையக் குறைய, அக்கரை விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி கூடும். கடத்தல்காரனுக்கு லாபமே அந்த இடைவெளிதான். கனடாவில் 2018-லிருந்து கடையில் விற்கிறார்கள், ஆனால் ஒருவர் வெளியில் வைத்திருக்கலாம் என்பது 30 கிராம்தான். எங்கள் கரையில் சரக்கு மூட்டையில் பேசுகிறது, கிராமில் இல்லை. தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்துவிட்டு 2025-ல் மருந்துச் சீட்டு வேண்டும் என்று பாதியை மூடிக்கொண்டது. அதையும் உங்கள் கோப்பில் வைத்திருப்பீர்கள்.

இதனால் நான் உரிமத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சாக் கடையை ஏலம் விட்டு வரி வாங்கியிருக்கிறார்கள். 1893-ல் ஒரு கமிஷன் போட்டு நாடு முழுக்க விசாரித்து, முழுத் தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று சொன்னார்கள். மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரிமம் கொடுக்க இன்றைய சட்டத்திலும் வழி இருக்கிறது. பத்தாவது பிரிவு மாநிலத்துக்கே அந்த அதிகாரத்தைத் தருகிறது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து சேர்க்கிற சரக்குகளில் கஞ்சாவும் ஒன்று என்று எங்கள் ஊர் வைத்தியர் சொல்வார். அவருக்கு உரிமம் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். அந்த விவாதம் சென்னையில் நடக்கட்டும். என் மனு வேறு: இருக்கிற விதிகளை எங்கள் கரையில் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பற்றி.

முதலில் எடை. 2001-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கைப்படி கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. சிறிய அளவு என்றால் அதிகபட்சம் ஒரு வருஷம் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுவில் என்றால் பத்து வருஷம் வரை போகலாம், எவ்வளவு என்பது நீதிபதியின் கையில். வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே பத்து வருஷம், மேலே இருபது வரை. நீதிபதி நினைத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. ஜாமீனும் லேசில் கிடையாது. முப்பத்தேழாவது பிரிவு, ஆள் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் விடச் சொல்கிறது. வழக்கு நடக்கும் முன்பே அதை யார் எப்படிக் காட்டுவது?

இங்கே பிடிபடுகிற பொட்டலங்கள் பெரும்பாலும் இரண்டு கிலோ கட்டு. பழுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, மேலே பாலித்தீன் போட்டு, செங்கல் கணக்காக இருக்கும். பத்துப் பொட்டலம் என்றால் இருபது கிலோ. பதினோராவதில் ஒருவனுடைய இளமை போய்விடுகிறது. கூலிக்கு மூட்டை தூக்குகிறவன் மூட்டையைப் பிரித்து எண்ணுவதில்லை, எண்ணவும் விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பெயர் வேண்டாம், என்னிடமே இரண்டு வருஷம் பிளக் துடைத்தவன். கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று காரிலிருந்து படகுக்கு மூட்டை மாற்றப் போனான். கரையில் மாட்டினான். கார் ஓடிப்போனது. சரக்கு யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் எவனும் அந்த ராத்திரி மணலில் கால் வைக்கவில்லை.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவன் அம்மாவிடமும் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் எடையைப் பார்க்கிறது, ஆளின் பங்கைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை, உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் விசாரணை உங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் கரையில் பிடிபட்டவனோடு குற்றப்பத்திரிகை முடிந்துவிடுகிறதா, இல்லை சரக்கு ஏறின இடம் வரைக்கும் போகிறதா என்று ஒரு கணக்கு எடுத்து வெளியிடுங்கள். மாவட்ட வாரியாக, வருஷ வாரியாக. எத்தனை கிலோ பிடித்தோம் என்று படத்தோடு செய்தி வருகிறது. எத்தனை முதலாளி பிடிபட்டார் என்று ஒரு வரி வரட்டும்.

ஏன் போகிறார்கள் என்பதை நீட்டி எழுதவில்லை. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்.

அடுத்தது படகு. என் மனசில் அதிகம் கிடப்பது இதுதான். அறுபதாவது பிரிவின்படி கடத்தலுக்கு உதவின வண்டி வாகனம் பறிமுதல். சொந்தக்காரர் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம் என்று விலக்கும் இருக்கிறது. ஆனால் அந்த விலக்கை முழுசாகப் படித்தால் தலை சுற்றும். சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதாது. அவருடைய ஆளுக்கும், படகைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது, எல்லோரும் முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கவும் வேண்டும். எங்கள் கரையில் படகு பங்குக்குப் போகும், வாடகைக்குப் போகும், மச்சானுக்குப் போகும். சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். படகை எடுத்துப் போனவன் தெரிந்தே செய்திருந்தால் தூங்கினவர் படகும் போச்சு.

எல்லா சம்மாட்டியும் உத்தமர் என்று வாதாட வரவில்லை. மீன் பிடிக்கிற பைபர் படகுக்கு 9.9 குதிரைத்திறன் என்ஜின் போதும். அதில் நாற்பது மாட்டிக் கொடுங்கள் என்று ஒருவர் வந்து நின்றால், அவர் எதைத் துரத்துகிறார், எதனிடமிருந்து ஓடுகிறார் என்று எனக்கே தெரிந்துவிடும். மகஜரில் அதை எழுதச் சொன்னால் எழுதுகிறேன். பழைய 9.9, கயிறு இழுத்தால் மூன்றாவது இழுப்பில்தான் பிடிக்கும், கியர் நழுவும், அந்த மாதிரி என்ஜின் மாட்டின படகு எதற்கு இருந்தது என்றும் எழுதுகிறேன். அந்த வித்தியாசத்தைக் கேட்கிறவர்தான் இல்லை.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அசாம் லாரி ஒன்றின் வழக்கில், இந்தச் சட்டத்தில் பிடித்த வாகனத்தையும் வழக்கு முடியும் முன் நிபந்தனையோடு திருப்பிக் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை என்று சொல்லியிருக்கிறது. லாரிக்குச் சொன்னது படகுக்கும் பொருந்தும் என்றுதான் வழக்கறிஞர் சொல்கிறார். சொந்தக்காரர் பெயர் வழக்கில் இல்லாதபோது, அவர் மனுப் போட்டால் எதிர்க்க வேண்டாம் என்று கடலோர நிலையங்களுக்கு நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். படம் எடுத்துக்கொள்ளட்டும், என்ஜின் எண்ணை எழுதிக்கொள்ளட்டும், பத்திரம் வாங்கிக்கொள்ளட்டும். லாரி வெயிலில் நின்றால் துருப் பிடிக்கும், ஓட்டியாவது பார்க்கலாம். பைபர் படகு மணலில் இரண்டு கோடை கிடந்தால் வெயிலில் வெடித்து, பிறகு யாருக்கும் ஆகாது.

மூன்றாவது, புகைக்கிற பிள்ளைகள். கடத்துகிற ஊரில் கொஞ்சம் சிந்தாமல் இருக்காது. கூலியில் ஒரு பங்கைச் சரக்காகவே கொடுக்கிறார்கள் என்று என் காதிலும் விழுகிறது. அறுபத்து நான்கு-ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடிமைப்பட்டவன், சிறிய அளவு வழக்கோ உபயோகித்த வழக்கோ இருந்தாலும், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாக வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் அவன்மேல் வழக்கு நடத்தக் கூடாது. இது எந்த அம்மாவுக்குத் தெரியும்? எங்கள் பக்கம் தாய்மார்கள் பிள்ளையை மறைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் டாக்டரே போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று. வருஷா வருஷம் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அந்த ஒரு பிரிவைப் பேச்சுத் தமிழில் நாலு வரியாக எழுதி, தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். என் பட்டறைச் சுவரும் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன்.

உரிம விதி எப்போதாவது எழுதுகிற நாள் வந்தால், வரைவு தயாராகும் முன் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள். பயணியர் மாளிகையில் கூட்டம் போட வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தனுஷ்கோடிக் கரையில் நின்று பார்த்தால் அக்கரை எவ்வளவு பக்கம் என்பது தெரியும்.

கடைசியாகச் சின்ன விண்ணப்பம் ஒன்று, இதற்கு விதி எதுவும் மாற்ற வேண்டியதில்லை. பிடித்த படகுகளின் அவுட்போர்டுகளை உப்புத் தண்ணீரோடு அப்படியே போட்டு வைக்கிறார்கள். ஆறு மாசத்தில் பிஸ்டன் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிறகு கோர்ட்டு விடுதலை பண்ணினாலும் எடைக்குத்தான் போடலாம். பிடித்த அன்றைக்கே ஒரு டிரம் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் ஊற்றி வைத்தால் வெகுநாள் தாங்கும். மகஜருக்கு வரும்போது அதையும் சேர்த்துச் செய்ய எனக்கு அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் ஆயிலும் என் செலவு.

இப்படிக்கு,
மண்டபம் கரையிலிருந்து ஒரு என்ஜின் மெக்கானிக்