பெரிபெரியின் கதையில் நம் புழுங்கல் அரிசியும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வைட்டமின் கண்டுபிடிப்பு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மான் வளர்த்த, தீட்டிய அரிசியைத் தின்று பெரிபெரி மாதிரி நோய் கண்ட கோழிகள், 1912-ல் காசிமிர் ஃபங்க் வைத்த ‘வைட்டமின்’ என்ற பெயர், ஐக்மானுக்குக் கிடைத்த 1929 நோபல் பரிசு எல்லாம் இருந்தது, சரி. ஆனால் நடுவில் மலாயாவை அப்படியே விட்டுவிட்டீர்கள், நம் ஆட்கள் வருவதே அங்கேதான்.

1900-ஐ ஒட்டி மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயால் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், நடை போய்விடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில், அதே வெயிலில் கூலி வேலை பார்த்த தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவே இல்லை. பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கவனித்து இரண்டு பேரும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். சீனர்களுக்கு ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி, தமிழர்களுக்கு ஊரில் சாப்பிட்ட அதே புழுங்கல் அரிசி. பச்சரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று அவர் நினைத்தது தப்புதான், ஆனால் கைகாட்டிய இடம் சரி.

ஃபிளெச்சர் என்ற இன்னொரு மருத்துவர் இதை நம்பவில்லை. 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் போட்டு, ஒற்றை எண்காரர்களை ஒரு பக்கமும் இரட்டை எண்காரர்களை மறுபக்கமும் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார். கட்டடத்தில்தான் கோளாறோ என்று சந்தேகம் வரக்கூடாதென்று நடுவில் இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஓராண்டு முடிவில் பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள், புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு கனக்கிறது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தீட்டினாலும் கணிசமான பங்கு அரிசியிலேயே தங்கும். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது, ஆனாலும் அவர்கள் பழக்கிவிட்ட சோறுதான் கடல் தாண்டிப் போனவர்களைக் காப்பாற்றியது.

மருத்துவத்தில் இதனால் என்ன மாறியது என்பதையும் கட்டுரை இரண்டு வரியில் முடித்துவிட்டது. அது எல்லா நோய்க்கும் கிருமியைத் தேடிய காலம், ஐக்மானே பெர்லினில், கிருமி ஆய்வின் முன்னோடியான ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் படித்துவிட்டு ஜாவாவுக்குக் கிருமி தேடி வந்தவர்தான். உடம்புக்குள் எதுவும் நுழையாமலே, உணவில் ஒன்று இல்லாமல் போனாலே ஆள் சாவான் என்பதை 1901-ல் தெளிவாகச் சொன்னவர் ஐக்மானுக்குப் பின் ஜாவாவில் ஆய்வைத் தொடர்ந்த கிரைன்ஸ் என்ற டச்சு மருத்துவர். நோபல் பரிசில் அவருக்குப் பங்கில்லை, உங்கள் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. இன்றைக்கும் குடிப்பழக்கம் முற்றி, சோறில்லாமல் மயங்கிய நிலையில் வருகிறவருக்கு மருத்துவர்கள் குளுக்கோஸோடு, முடிந்தால் அதற்கு முன்பே, தயமின் ஊசி போடுகிறார்கள். அதைத் தவறவிட்டால் மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

இப்போது வீட்டுக்கு வீடு வெள்ளை அரிசிதான் வேண்டும் என்கிறோம், அதையும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிறோம். தண்ணீரில் கரையும் சத்து தண்ணீரோடுதான் போகும்.

மலாயா பகுதியைத் தனிக் கட்டுரையாகவே எழுதச் சொல்லுங்கள். கிரைன்ஸ் பெயரை மறக்க வேண்டாம், கோழிப் படத்துக்குப் பதிலாக நெல் அவிக்கும் அண்டாவின் படம் ஒன்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்