இட்டேரி வேலியைத் தையில் வெட்டுங்கள்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டார ஊராட்சி நிர்வாகங்களுக்கும் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் வணக்கம்.

இருபுறமும் உயிர்வேலி நிற்கும் வண்டிப் பாதைகளான இட்டேரிகளைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று சொல்ல இந்த மடல் இல்லை. வண்டி போக வழி வேண்டும், வளைவில் எதிரே வருவது தெரிய வேண்டும். எந்த மாதத்தில் வெட்டுவது என்பதுதான் பேச்சு.

ஆனி, ஆடியில் வேலியாக நிற்கும் கிளுவை என்ற முட்செடி தழைத்து வழியை அடைக்கும்; உடனே ஜேசிபியைக் கூப்பிடுகிறோம். கொண்டைக்குருவி இடுப்பளவு உயரத்தில், முள்ளுக்குள் சின்னக் கிண்ணம் போலக் கூடு கட்டி இரண்டு மூன்று முட்டையிட்டிருப்பதும் அப்போதுதான். தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளும் அதே வேலியில் இருக்கும். கவுதாரியோ வேலியடியில், சங்கஞ்செடிக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் நடுவே தரையிலேயே முட்டையிடும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இவை எதுவும் தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

"கூட்டை விட்டுட்டுச் சுத்தித்தானுங்க வெட்டுனோம்" என்பார்கள். தழை போனால் நிழலும் மறைவும் சேர்ந்தே போய்விடும். அப்புறம் காக்கைக்கு யார் வழி காட்ட வேண்டும்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையோடுதான் சேர்க்கிறது. யார் மீதும் வழக்குப் போடச் சொல்லவில்லை. வேலை உத்தரவில் மாதத்தை மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

தை, மாசியில் கிளுவை இலையுதிர்த்து நிற்கும். கூடு இருந்தால் கண்ணில் படும், கவாத்தும் எளிது. தையல்சிட்டு மாதிரி சில அப்போதும் குஞ்சு வைத்திருக்கலாம். முதல் நாள் ஒருவர் வேலியோரமாக நடந்து பார்த்துவிடட்டும். ஒரு வருஷம் ஒரு பக்கம், மறு வருஷம் மறு பக்கம் வெட்டினால் பறவைக்கு ஒதுங்க எப்போதும் இடம் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் தழை வளைவை மறைத்தால் அங்கே மட்டும் அரிவாளால் கழித்துவிடுங்கள். சீமைக் கருவேலத்தை எடுக்கும் சாக்கில் கிளுவையையும் வேரோடு வழிக்கிறார்களே, அதை மட்டும் எந்த மாதத்திலும் அனுமதிக்காதீர்கள்.

விவசாயிகளுக்கு: கம்பி வேலி போடுவது உங்கள் விருப்பம். அதற்காகக் கிளுவையைப் பிடுங்க வேண்டியதில்லை. அதை ஒட்டியே கம்பி இழுக்கலாம். சந்து விழுந்த இடத்தில் மழைக்கு முன் ஒரு போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டால் துளிர்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைத்தால், தைக்குள் வேலையைத் திட்டமிட அவகாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
இட்டேரியில் தினமும் நடக்கும் ஒருவர்