வலி நின்ற பிறகும் கூப்பிட்டுப் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகவியல் வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சிறுநீர் இறங்கும் வழி அடைபட்டு, சிறுநீரகம் வீங்கி, கடைசியில் அது வேலைக்கே ஆகாமல் போன பிறகு வந்து படுத்தவர்களைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று இருக்கும். வார்டில் சுருக்கமாக 'ஹைட்ரோ' என்போம். இவர்களில் பலருக்கு நோய் வந்ததும் தெரியும், மருத்துவமனைக்கும் ஒருமுறை வந்திருப்பார்கள். மறுபடி வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான சிறுநீரகக் கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். அதைவிடப் பெரியது பாதியில் மாட்டிக்கொண்டால், மேலே சுரக்கும் நீர் போக வழியில்லாமல் தேங்குகிறது, சிறுநீரகம் உப்புகிறது. அந்த வலியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விலாவில் பிடித்து அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாந்தி வரும், சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் கலந்து போகும். எமர்ஜென்சியில் ஊசி போடுவார்கள், விடிவதற்குள் வலி அடங்கிவிடும்.

அப்புறம்தான் எனக்குப் பயம். வலி அடங்க இரண்டு காரணம் உண்டு. கல் வெளியே போயிருக்கலாம். இல்லாவிட்டால் கல் அதே இடத்தில் இருக்க, அழுத்தம் தாங்காமல் சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நோயாளிக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. 'வாழைத்தண்டுச் சாறு குடிச்சேன், கரைஞ்சிடுச்சு சிஸ்டர்' என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். வாழைத்தண்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம்மிடம் அதிகம் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல் எந்தச் சாற்றுக்கும் கரைவதில்லை.

ரத்தப் பரிசோதனையும் இந்த இடத்தில் ஆளை ஏமாற்றிவிடும். ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கச் சிறுநீரகம் ஈடுகட்டுவதால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் நார்மலாகவே இருக்கும். ஒரு விசைத்தறித் தொழிலாளி ஞாபகத்துக்கு வருகிறார். மஞ்சள் பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பை நீவிக் கொடுத்தார். அத்தனையிலும் கிரியாட்டினின் நார்மல். நடுவில் ஒரு ஸ்கேன் தாளில், 9 மில்லிமீட்டர் கல், இடது சிறுநீரகத்தில் மிதமான வீக்கம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. வலி நின்றுவிட்டதால் அவர் திரும்பிப் போகவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. எங்களிடம் வந்தபோது இடது சிறுநீரகத்தில் மெல்லிய தோல்போல ஒரு சுவரும் உள்ளே தேங்கிய நீரும்தான் மிச்சம். எடுத்துவிட்டார்கள்.

முழு அடைப்பு இரண்டு வாரம் நீடித்தாலே நிரந்தரச் சேதம் தொடங்கிவிடுகிறது. ஆறு வாரம் தாண்டினால் இழந்த செயல்திறன் திரும்புவது அரிது. அரைகுறை அடைப்பு இன்னும் மோசம், ஏனென்றால் அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இதையே செய்யும். ரத்த அழுத்தம் ஏறும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், தேங்கிய நீரில் புதுக் கற்கள் சேரும். ஆகவே கல்வலியோடு வந்த ஒவ்வொருவருக்கும், வலி இருக்கிறதோ இல்லையோ, நான்கு வாரத்துக்குள் இன்னொரு ஸ்கேன் என்பதைத் துறையின் விதியாகவே ஆக்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியோடு, தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்தால் அது சீழ் கட்டிய பை ஆகிவிடும். விலா வலியோடு குளிர் நடுக்கம் கண்டால் அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும். தொற்று ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. முதுகு வழியாகக் குழாய் போட்டோ, ஸ்டென்ட் வைத்தோ நீரை வடித்தாக வேண்டும். மாத்திரை கொடுத்து நாளைக்கு வா என்று அனுப்பப்பட்டவர்களை நாங்கள் ஐசியூவில் பார்த்திருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு இந்த ஒன்றையாவது அழுத்திச் சொல்லுங்கள், 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம் என்று.

இப்போது ஸ்டென்ட். டிஜே ஸ்டென்ட் என்பது இரண்டு முனையும் சுருண்ட ஒரு மெல்லிய குழாய். அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்குவதற்காக உள்ளே வைப்பது. சில வாரத்தில், மிஞ்சினால் சில மாதத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து கல்லாகும், உடையும், காப்பாற்ற வைத்த சிறுநீரகத்தையே அடைக்கும். உள்ளே குழாய் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் நடமாடியவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரியும்போதுதான், 'ஆமா, ஆபரேஷன் பண்ணப்ப ஏதோ ட்யூப் வெச்சதா சொன்னாங்க' என்பார்கள். திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், போன் நம்பர் மாறியிருக்கும். வலி இல்லாத ஆள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எதற்காக வரப்போகிறார்? அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கர்ப்பிணி ஒருத்தர் பதிவு செய்த நாள் முதல் ஆர்.சி.எச். எண் வைத்துப் பின்தொடர நமக்குத் தெரியும். செக்கப்புக்கு வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வாசலுக்கே போய் நிற்பார். அந்தப் பழக்கத்தை ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் கொண்டுவருவதில் என்ன தடை? வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள், வீட்டில் உள்ள இன்னொருவரின் போன் நம்பர். அரசு மருத்துவமனையோ, முதலமைச்சர் காப்பீட்டில் செய்யும் தனியார் மருத்துவமனையோ, எங்கே வைத்தாலும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். தேதி தாண்டினால் அந்தப் பகுதி செவிலியருக்குத் தகவல் போக வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறீர்கள், டயாலிசிஸ் பைகளைக்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அப்படி வீட்டுக்கு வரும் பெண் பணியாளர்கள் வயதான ஆண்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: ராத்திரி படுக்கையில் தெரியாமல் சிறுநீர் போகிறதா? சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பை நிரம்பியே இருந்தால், தூக்கத்தில் அது வழியும். மேலே இரண்டு சிறுநீரகமும் சேர்ந்தே வீங்கும், பெரும்பாலும் வலியே இருக்காது. பெரியவர் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு விடியற்காலையில் தானே வேட்டியை அலசிப் போடுவார். மருமகளும் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவாள். கால் வீங்கி, சோறு இறங்காமல், மூச்சு வாங்கும்போது தூக்கிக்கொண்டு வருவார்கள். குழாய் போட்டதும் லிட்டர் கணக்கில் நீர் வரும். அதற்குப் பின் ஓரிரு நாள் சிறுநீர் அளவுக்கு மீறிப் போய் உடலில் உப்பும் நீரும் குறையலாம் என்பதால், குழாய் போட்டு உடனே வீட்டுக்கு அனுப்புவதும் கூடாது.

சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் நல்லதுதான், ஆனால் அடைப்பை அது காட்டிக்கொடுக்காது. அதில் நார்மல் என்று வந்தால் சிறுநீரகமே நன்றாக இருக்கிறது என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.

கருவிலேயே ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் தெரியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்பதாலேயே, பிறந்த பின் மறு ஸ்கேன் எடுக்காமல் பல வீடுகளில் மறந்துபோகிறார்கள். சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கும் ஆண் குழந்தையையும் அடிக்கடி காரணமில்லாமல் காய்ச்சல் வரும் குழந்தையையும் செவிலியர்கள் கவனிக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றி இரண்டு பக்கச் சிறுநீர்க் குழாயும் அடைபட்டு வந்த பெண்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அந்தப் புற்றுநோய்ப் பரிசோதனையை விடாமல் நடத்துங்கள்.

ஸ்டென்ட் பதிவேட்டை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்று எனக்குத் தெரியும். சிறுநீரகவியல் பிரிவு உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் தொடங்குங்கள். கடந்த இரண்டு வருடத்தில் அங்கே ஸ்டென்ட் வைத்தவர்களின் பட்டியலை ஆபரேஷன் தியேட்டர் நோட்டிலிருந்து எடுத்து, எடுத்தாயிற்றா என்று ஒவ்வொருவரையும் போனில் கேட்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள் சம்பளம் இல்லாமலே வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்