மேக்காலத் தோட்டத்து ஆத்தாவுக்கும் ஊராருக்கும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நேற்று மத்தியானம் வண்டித் தடத்துக்கான தானப் பத்திரம் பதிவாகிவிட்டது. யார் யாரை என்ன பேசினோம் என்பது திருப்பூர் நஞ்சராயன் குளத்தைச் சுற்றி இருக்கிற நமக்குத் தெரியும். மறுபடி கிளற வேண்டாம்.

2022-இல் குளம் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனதிலிருந்தே ஆளாளுக்கு ஒரு பயம். குளம் என்னவோ 125 ஹெக்டேருக்குச் சற்று மேல்தான், நம் பேச்சில் அது பாதி தாலுகாவை விழுங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது, ராம்சார் யாரோ பெரிய ஆபீசர் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அது ஈரானில் ஓர் ஊர், 1971-இல் ஈரநிலங்களுக்காக அங்கே ஒப்பந்தம் போட்டார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

சரி, ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். பெயர் போட்டால் திட்டுவார்கள்.

குளத்துக் கரையில் வண்டி ஓட்டாமல் தோட்டங்காட்டுக்குப் போக வேறு தடம் வேண்டும். அது அவர்கள் நிலத்தில்தான் விழுந்தது. எங்கள் இரு வீட்டுக்கும் ஒரு முழ வேலித் தகராறில் பேச்சுவார்த்தை நின்று பத்தொன்பது வருடம். கேட்கப் போகவே எனக்குக் கூச்சம். அளக்கிற அன்று அவர்களாகவே வந்து நின்றார்கள். பேசியபடி எல்லையில் அத்துக்கல்லை ஊன்றக் குழி தோண்டியாயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏங்கண்ணு, டிராக்டர் திரும்போணுமல்லொ? இன்னும் ரெண்டு தப்படி உள்ள தள்ளி நடு" என்றார். கூட இருந்த பேரன் வாயைத் திறக்கப் போனான். ஒரு பார்வைதான், மூடிக்கொண்டான். ஓரத்து வெள்வேலா மரத்தை மட்டும் வெட்டக் கூடாது என்றார், வெள்ளாட்டுக்குக் காய் வேண்டுமாம். அப்புறம் எனக்கும் ஒரு சொம்பு மோர் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், உப்பு சரியாக இருக்குதுங்க என்று சொல்லி வைத்தேன்.

கீழ்ப்பக்கம் நிலம் விட்ட மூன்று குடும்பத்தார், வெயிலில் சங்கிலி பிடித்தவர்கள், பத்திரச் செலவைப் பங்கு போட்டவர்கள், சண்டை முற்றிய இரவில் இரண்டு பக்கமும் நடந்த பெரியவர்கள், டீக்கடைக்காரர், எல்லோருக்கும் என் கும்பிடு.

தகராறு நடந்த அந்த ஒரு முழம் யாருடையது என்று அப்பா சாகிறவரை சொல்லவில்லை. அளந்தபோது பார்த்துவிட்டேன். எங்களுடையது அல்ல. மழை விழுந்ததும் வேலியைப் பிடுங்கி, எங்கள் பக்கம் தள்ளிக் கிளுவை ஊன்றப் போகிறேன். யார் வேலியில் தோதான கிளுவை இருக்கிறதோ, சொல்லுங்கள். குச்சி எடுக்க நானே வண்டியோடு வருகிறேன், புதுத் தடத்திலேயே.