அரை மணி நேரப் பரிசோதனை: கணக்கு எங்கே தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வந்திருப்பது ஃப்ளூவா, கொரோனாவா, ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸா என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடும், வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக் கருவிகள் பற்றிய கட்டுரை படித்தேன். பதினெட்டு வருடமாக லேபில் வேலை பார்க்கிறேன். இந்தக் கருவிகள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020இல் ஒரு ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவுக்கு நாள்கணக்கில் காத்துக் கிடந்தோமே! பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் பரிசோதனைக் கருவி வந்த பிறகுதான் சின்ன ஊர்களுக்கும் மூச்சு வந்தது.

ஆனால், கம்பெனி நோட்டீஸில் இருக்கும் துல்லியக் கணக்கை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பல சமயம் அது ஃப்ரீசரில் சேர்த்து வைத்த மாதிரிகளில் பார்த்த கணக்கு. எங்களிடம் வருவது அப்படியா? போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, அம்மா மடியில் இரண்டு வயசுக் குழந்தை தலையைத் திருப்பித் திருப்பி அழுதது. மூக்கின் ஓரத்தைத் தொட்டதோடு குச்சியை எடுத்துவிட்டார்கள். முடிவு நெகடிவ். காலையில் நான் மறுபடி ஒழுங்காக எடுத்தேன், ஃப்ளூ பாசிடிவ். குச்சியில் ஏறாத வைரஸை எந்த மெஷின் கண்டுபிடிக்கும்? பதின்மூன்று நிமிடத்தில் கொரோனா முடிவு தரும் ஐடி நவ் கருவி தவறாக நெகடிவ் காட்டக்கூடும் என்று 2020 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 720 நோயாளிகளை வைத்து இதுபோன்ற விரைவுப் பரிசோதனை பற்றி ஒரு ஆய்வு நடத்தி, 2017இல் வெளியிட்டார்கள். சாதாரணமாக 37 மணி நேரம் ஆகும் முடிவு, இரண்டரை மணி நேரத்துக்குள் கைக்கு வந்தது. ஆனாலும் ஆன்டிபயாடிக் கொடுப்பது குறையவில்லை. விரைவுப் பரிசோதனை செய்தவர்கள், வழக்கமான முறையில் பார்த்தவர்கள் என இரு பிரிவிலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஆன்டிபயாடிக் பெற்றார்கள். முடிவு வருமுன்பே பலருக்கு மருந்து ஏறிவிட்டது. அதே சமயம், மருத்துவமனையில் தங்கும் நாள் சராசரியாக ஒரு நாள் குறைந்தது. ஒரு கருவியை இப்படித்தான் எடைபோட வேண்டும்.

பத்து மணிக்கு எடுத்த ஸ்வாப் குச்சி, லேபுக்குக் கொண்டுவர ஆளில்லாமல் பன்னிரண்டு வரை வார்டு ட்ரேயில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர், காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆகவே வாங்குவதற்கு முன், அரசு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நேரில் வரும் நோயாளிகளிடமே கருவியைச் சோதித்துப் பார்க்கட்டும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். மூக்கில் குச்சி போட்டதிலிருந்து முதல் மாத்திரை கொடுக்கும்வரை ஆகும் நேரத்தையும் குறித்து, டெண்டருக்கு முன்பே வெளியிடட்டும்.

- ஆய்வக நுட்புநர், மன்னார்குடி