"எனக்கெல்லாம் தூக்கம் வராதும்மா"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக்கடை கவுண்டர்ல 15 வருஷமா நிக்கிறேன். "இந்த மாத்திரை போட்டா வண்டி ஓட்டாதீங்க"ன்னு சொன்னா பாதி பேரு சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே சில்லறைய எண்ணுவாங்க. போன வாரம் ஒருத்தர் ஹெல்மெட்ட கையில மாட்டிக்கிட்டு வந்தாரு, நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் முதல் தடவையா எழுதியிருக்காங்க, அங்கயே ஒண்ண பிச்சு வாயில போட்டு தண்ணிய குடிச்சிட்டு சாவிய எடுக்கிறாரு. சார் வண்டி வேணாம்னேன், "எனக்கெல்லாம் தூக்கம் வராதும்மா"ன்னாரு.

இந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு பயம். கண்ணு சொக்குனாதான் ஆபத்துன்னு நினைச்சிக்கிறாங்க. நானே ஒருநாள் ராத்திரி சளிக்கு குளோர்பெனிரமின் போட்டுட்டு காலையில ஸ்கூட்டர்ல கிளம்புனேன், கண்ணு நல்லா தொறந்துதான் இருந்துச்சு, சிக்னல் பச்சை விழுந்ததும் தெரிஞ்சிச்சு, ஆனா கை ஆக்ஸிலேட்டர திருகவே இல்ல, பின்னாடி ஹாரன் அடிச்சப்புறம்தான் உறைச்சுது. தூக்க மாத்திரை சோல்பிடெம் காலையிலயும் ரத்தத்துல நிக்குது, வண்டி ஓட்டுறத கெடுக்குதுன்னுதான் அமெரிக்காவுல மருந்துகள கட்டுப்படுத்துற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013ல பொம்பளைங்களுக்கான டோஸ 10 மில்லிகிராம்ல இருந்து 5 ஆக்கச் சொன்னாங்க.

இன்னும் சில பேரு நேர் எதிரா, வண்டி ஓட்டணுமேன்னு மாத்திரையவே நிறுத்திடுறாங்க. வலிப்பு மாத்திரைய அப்படி திடீர்னு நிறுத்துனா ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே வலிப்பு வந்துடலாம்.

அவங்கள மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல. எச்சரிக்கை, மாத்திரை அட்டையில பொடி எழுத்துல இருக்கு, நாங்க 5 மாத்திரைய கத்தரிச்சு குடுக்குறப்ப அந்த எழுத்து கடையிலயே தங்கிடுது. பிரான்ஸ்ல மருந்து டப்பா மேலயே கார் படம் போட்ட முக்கோணம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு போடுறாங்க, சிவப்புன்னா ஓட்டவே கூடாது, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். அத இங்கயும் கொண்டு வரணும்.

அந்த ஹெல்மெட்காரர விடல, ஸ்டூல்ல உக்கார வச்சேன். முதல் சில நாளும் டோஸ் கூட்டுற நாளும் ஓட்டாதீங்க, இது உடம்புக்கு எப்படி ஒத்துக்குதுன்னு பாத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஓட்டுங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னாரு, "நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேம்மா. டாக்டர் என்ன வேலைன்னு கேக்கவே இல்லையே." சீட்டு எழுதுற ஒவ்வொரு டாக்டரும் அந்த ஒரு கேள்விய கேக்கணும்னுதான் இத எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடை பார்மசிஸ்ட்